பூவின் அசல் படம்

வீட்டு எம்பிராய்டரி மெஷினுக்கு, படத்தைத் தையலாக மாற்றும் சாஃப்ட்வேர் வாங்க அவளும் கணவனும் கடைக்கு வந்திருந்தார்கள். கடைக்காரர் முதலில் போட்டுக் காட்டியதில், அதிகம் விற்கும் அவளுடைய பூ டிசைன் வெறும் கரும்புள்ளியாக வந்தது.

மேசைக்கு அடியில் கணவன் அவள் விரல்களை நெரித்தான். "இந்தப் பூவுக்கு வந்த ஆர்டர் மட்டும் கைவிட்டுப் போகட்டும், உன் தோலை உரிச்சுடுறேன்," என்றான் காதோரம்.

இரண்டாவது சாஃப்ட்வேரில் ஊதா, பச்சை, ஓரத்தில் மஞ்சள் என்று பூ திரையில் விரிந்தது.

"இது என்ன பூம்மா? நான் பார்த்ததே இல்லையே," என்றார் கடைக்காரர்.

"வீட்டுல பூக்குறதுங்க."

"எங்க வீட்டுல ஏது பூ? நெட்டுல எங்கயாவது சுட்டிருப்பா," என்று சிரித்தான் கணவன். "அசல் படத்தோட ஒத்துப் பாருங்க. ஒரு கலர் குறைஞ்சாலும் எனக்கு வேண்டாம்."

"வெட்டாத முழுப் படமும் ஃபைலுக்குள்ளயே இருக்கு. திறக்கட்டுமாம்மா?"

அவள் விரல்களை உருவிக்கொண்டாள். "திறங்கண்ணே."

திரை முழுக்க ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. தோளுக்குக் கீழே அந்தப் பூ கன்றிப்போயிருந்தது. அதன் நடுவில் பெல்ட் பக்கிளின் சதுரத் தடம் பதிந்திருந்தது.

கடைக்காரரின் பார்வை மெதுவாக நகர்ந்து, கணவனின் இடுப்பில் வந்து நின்றது.