மெஷினிடம் ஒரு பொய்

மதிய இடைவேளையில் கேஷியரின் செல்போன் ஒலித்தது. வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு பற்றிய சர்வே. ஸ்பீக்கரில் பேசியது பதிவு செய்யப்பட்ட பெண் குரல்.

"பாத்திரம் கழுவுகிறீர்களா? தினமும் என்றால் ஒன்றை அழுத்தவும். ஒருநாளும் இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

கேஷியர் எழுந்து நின்று ஒன்றை அழுத்தினார். துணி துவைப்பதற்கும் ஒன்று. வீடு பெருக்குவதற்கும் ஒன்று.

பக்கத்து சீட் கிளார்க் தலையில் அடித்துக்கொண்டார். "நேர்ல ஆள் வந்து கேட்டா, கூச்சப்பட்டுப் பொய் சொல்லலாம் சார். மெஷின்கிட்ட என்ன பயம்? வீட்ல நீங்க ஒரு துரும்பைக்கூட கிள்ளிப் போட்டதில்லையே!"

"மெதுவாப் பேசுய்யா!" கேஷியர் வியர்வையைத் துடைத்தார். "மெஷின்தான், தெரியும். ஆனா அதுக்குக் குரல் குடுத்தது என் பொண்டாட்டி. அந்தக் குரல்ல கேட்டா, ரெண்டை அழுத்த விரல் நகர மாட்டேங்குதே!"