மேல்வரிசை நான்கு பற்கள்

நறநற, நறநற.

இருட்டில் யாரோ கூரையைச் சுரண்டுவதுபோல் இருந்தது. விளக்கைப் போட்டேன். என் மூன்று வயது மகள் லிசெத் தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கி, தொட்டால் சுட்டது.

"எல்லாம் அந்த எதிர்க்கடைக்காரி குடுக்கிற கொய்யா மிட்டாய்!" என்று எழுந்தார் எல்கின். உருளைக்கிழங்கு லாரியோடு ஊர் ஊராகப் போகிற என் கணவர், அன்று வீட்டில் இருந்தார்.

போய் எதிர்க்கடைக் கதவைத் தட்டி, கடைக்காரி டோன்யா நொயேமியை இழுக்காத குறையாக அழைத்து வந்தார்.

"பாரு உன் கைவேலையை! பிள்ளைங்க பல்லைக் கரைச்சுத்தானே கல்லா கட்டுற!"

ஒரு காலத்தில் பல் டாக்டரிடம் கையாளாக இருந்த நொயேமி, லிசெத்தின் மேலுதட்டை விலக்கிப் பார்த்தாள்.

"படுத்தா வலி கூடுதா? குளிர்ந்த தண்ணி பட்டா அழறாளா?"

"பத்து நாளா," என்றேன்.

"ஈறுல சீழ் கட்டியிருக்கு. எல்கின், வெதுவெதுன்னு உப்புத் தண்ணி கொண்டா."

அவர் அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"மேல முன்பல்லு நாலும் சொத்தை. கீழ்ப்பல்லுக்கு ஒண்ணுமில்ல. இது மிட்டாய் இல்ல, மகளே. ராத்திரி பூரா புட்டியைச் சப்பிக்கிட்டே தூங்கினா வர்றது. இன்னும் புட்டியில வெல்லத் தண்ணி குடுக்கிறியா?"

என் கண் தலையணைப் பக்கம் போனது. தனியாகக் கிடக்கும் இரவுகளில் குழந்தை அழுதால் பயமாக இருக்கும். புட்டியைக் கொடுத்தால்தான் அடங்குவாள். சுகாதார நிலைய நர்ஸ் தடுத்த பிறகு, நிறுத்திவிட்டேன் என்று எல்கினிடம் மாதா மேல் சத்தியம் செய்திருந்தேன். கன்னியர் மடத்தில் படித்தவள் பொய்ச் சத்தியம் செய்யமாட்டாள் என்று அவரும் நம்பிவிட்டார்.

நொயேமி தலையணைக்கடியில் கிடந்த புட்டியை எடுத்துத் தன் கம்பளிக்குள் செருகிக்கொண்டாள்.

எல்கின் கிண்ணத்தோடு வந்தார். "இப்பவாவது ஒத்துக்கிறியா?"

"ஆமாப்பா, என் மிட்டாய்தான். விடிஞ்சதும் முதல் பஸ்ஸுல துன்ஹா டவுனுக்கு, பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வீக்கம் கண்ணுப் பக்கம் ஏறினா விடியக்கூடக் காத்திருக்காதீங்க."

"இனி என் பிள்ளை உன் கடைப்படி மிதிக்கமாட்டா!"

"சரிப்பா."

அவள் தெருவைக் கடக்கும்வரை வாசலில் நின்றேன். ஒரு வார்த்தை போதும், கூப்பிட்டால் திரும்பியிருப்பாள்.

"கதவை அடை, பிள்ளைக்குக் குளிருது," என்றார் எல்கின்.

அடைத்தேன். உள்ளிருந்து தாழ்ப்பாளையும் நானே போட்டேன்.