உதவி ஆபரேட்டர்

விசாரணை அறையில் அவனை ஜன்னலோரமாக உட்கார வைத்திருந்தார்கள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது.

காதோரம் அவனுக்கு நரைத்திருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

துறைமுகத்தில் இருவருக்கும் ஒரே கிரேன். பகலெல்லாம் அவன், இரவெல்லாம் அவள். விடுப்பு நாளும் வேறு வேறு.

சாயங்காலம் அவன் இறங்குவான், அவள் ஏறுவாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே, “காத்து ஜாஸ்தியா இருக்கு, பாத்து” என்பான். அவ்வளவுதான் பேச்சு.

மேலே போனால் இருக்கையில் அவன் சூடு மிச்சமிருக்கும். அது ஆறும்வரை அவள் எதையும் தொடமாட்டாள்.

வழக்கு அவள் போட்டது. அதே கிரேன், அதே கப்பல், அதே பெட்டிகள்; சம்பளம் மட்டும் அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

சம வேலைக்குச் சம சம்பளம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் எந்த ஆணின் வேலைக்குச் சமம் என்று ஆளைக் காட்டச் சொன்னார்கள். அவள் யோசிக்கவே இல்லை. அவனைக் காட்டினாள்.

“அவர் ஆபரேட்டர். இந்த அம்மா உதவி ஆபரேட்டர். பதவியே வேற,” என்றார் கம்பெனி வக்கீல்.

யாருக்கு உதவி என்று விசாரணை அதிகாரி கேட்டார். வக்கீல் தாள்களைப் புரட்டினார். கிரேன் கூண்டுக்குள் இன்னோர் ஆள் கால்வைக்க இடமில்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலும்.

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். இரண்டு பேர் வேலையும் ஒன்றுதானா?

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஃபோர்மேன் அவன்தான் என்று பேச்சு. இன்றைக்கு மட்டும் இந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருக்கும்படி மேனேஜர் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்.

“ஒண்ணு இல்லைங்க,” என்றான்.

வக்கீல் தாள்களை மூடிவைத்தார்.

“நான் வெளிச்சத்துல செய்யறேன். அவங்க அதையே இருட்டுல செய்யறாங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார்.

“சாட்சிக்கு இந்த அம்மா மேல தனி அக்கறை போல,” என்று இளித்தார் வக்கீல்.

“இருக்குங்க,” என்றான் அவன், ஒளிக்காமல்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முகம் சுட்டது.

சம்பளம் கூடினால் என்ன செய்வாய் என்று தொழிற்சங்கத்து அக்கா ஒருமுறை கேட்டாள். இரவுப் படி இல்லாமலே கட்டுப்படியாகும், பகல் ஷிஃப்டுக்கு மாறிவிடுவேன் என்று மட்டும் இவள் சொல்லிவைத்தாள். பக்கத்துக் கிரேனில் ஆள் ஓய்வுபெறப் போகிறார். அவன் இறங்கும் நேரத்தில் தானும் இறங்கலாம். இருவரும் ஒரே பஸ்ஸில் போகலாம். இதையெல்லாம் எந்த மனுவில் எழுதுவது?

வக்கீல் வாய்தா கேட்டார். விசாரணை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

இழுத்தடித்தே கொன்றுவிடுவான்கள் என்று அக்கா பல்லைக் கடித்தாள். அவளுக்கோ கோபமே வரவில்லை. இன்னொரு மத்தியானம் அவனோடு ஒரே அறையில் இருக்கலாம். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைத்தாள்.

வராந்தாவில் அவன் பக்கத்தில் வந்து நின்றான். என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. பழக்கமும் இல்லை.

“பாப்பாவ ஸ்கூல்ல இருந்து நீ கூட்டிட்டு வர்றியா, நான் போகட்டுமா?” என்றான்.

“ரெண்டு பேருமே போலாங்க.”

அவன் அவளைப் பார்த்தான். அப்படி ஒரு வழி இருப்பது அதுவரை அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

பள்ளி வாசலில் மற்ற தாய்மாருக்கு நடுவே இருவரும் தோளோடு தோள் உரச நின்றார்கள். மணியடித்தது. பிள்ளைகள் கூட்டத்தோடு ஓடிவந்த மகள், அப்பாவையும் அம்மாவையும் சேர்ந்தாற்போல் கண்டதும் சட்டென்று நின்றாள்.

சிரிப்பு போய்விட்டது. மெதுவாகக் கிட்டே வந்தாள்.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றாள்.