தும்பி பிறக்கும் இடம்

"வாப்பா, தும்பி எங்க பிறக்குது?" என்று சிறுவயதில் றுஷ்தா கேட்டாள். மூதூரில் வயல் செய்யும் றஊப்புக்கு அது தெரியவில்லை.

இப்போது கம்பஸில் படிக்கும் மகள், ஆற்றுச் சேற்றைப் போத்தலில் கொண்டுவந்தாள்.

"இதுக்குள்ளதான் வாப்பா பிறக்குது. குஞ்செல்லாம் செத்துக் கிடக்கு."

"ஆத்துத் தண்ணி தெளிவாத்தானே இருக்கு?"

"நஞ்சு தண்ணியில இல்ல, சேத்துல ஒட்டிக் கிடக்கு."

றஊப் கொதித்தார். "வாயில்லாத சீவனுக்கு நஞ்சு வச்ச பாவி எவன்? பேரச் சொல்லு மகள், பள்ளிவாசல்ல வச்சுக் கேக்கிறன்!"

"நம்மட வயலுக்கு நீங்க அடிக்கிற மருந்துதான், வாப்பா."

அடுத்த போகம் நெல் வேளாண்மையில் பூச்சி விழுந்தது. றஊப் மருந்துப் பம்பைத் தொடவில்லை. முன்பு தும்பிகள் பிடித்துத் தின்ற பூச்சிகளை, தனியே குனிந்து கையால் பொறுக்கினார்.

அதைப் பார்க்க அங்கே ஒரு தும்பிகூட இல்லை.