பௌர்ணமிச் சவாரி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிலாவைப் பார்க்கக்கூட ஆட்டோ வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தபடியே ஏறினார் லெட்சுமணன். ஓட்டுவது ஒரு பெண் என்று தெரிந்ததும் முணுமுணுப்பு இன்னும் கூடியது.

"இன்னிக்குப் பௌர்ணமி, போயா நாளுப்பா. தலவாக்கலை டேம் தண்ணியில நிலா அழகா தெரியும்," என்றான் மகன் வினோஜன்.

"ஏன், நம்ம லயத்து வீட்டுக் கூரைக்கு மேல தெரியாதா? நாளைக்கு வட்டகொடையில உனக்குப் பொண்ணு பாக்கப் போகணும். அத யோசி."

"பொண்ணு போட்டோவ பாத்தீங்களாங்கய்யா?" என்று கேட்டாள் ஓட்டியவள்.

"போட்டோவ எவன் நம்புவான்? நேர்ல போயி எடுத்தெறிஞ்சு பேசுவேன். அவ மொகத்த சுளிச்சா எந்திரிச்சு வந்துருவேன். நீ ரோட்ட பாத்து ஓட்டு! ஆமை மாதிரி போற."

அவள் சிரித்தாள். டேம் தண்ணீரில் நிலா மிதந்தது. "ம்," என்றார், அவ்வளவுதான்.

லயத்துக்குத் திரும்பி இறங்கியதும் அவள் சொன்னாள்: "நாளைக்கு வாங்க மாமா. அந்த வட்டகொடைப் பொண்ணு நான்தான். மாமனார் கோவக்காரருன்னாங்க, ஒருக்கா பாத்துட்டுத்தான் சொல்வேன்னு இவருகிட்ட சொன்னேன். பாத்துட்டேன். எனக்குச் சம்மதம்."

வினோஜன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நிலா வெளிச்சத்துல எல்லா மொகமும் நல்லாத்தான் தெரியும். நாளைக்குப் பகல்ல பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார் லெட்சுமணன்.