வேலியில்லாத மனை

இந்த ஞாயிற்றுக்கிழமையும் எலுமிச்சம்பழம் புதிதாகவே இருந்தது. நாலு எல்லைக்கல்லிலும் குங்குமம், நடுவில் ஊசி குத்திய பழம், பக்கத்தில் கறுப்புத் துணியில் சுற்றிய ஒரு பொம்மை. ஜெகநாதன் பேன்ட் முழுக்க நாயுருவி ஒட்டியதுகூடத் தெரியாமல் ரோட்டுக்கு ஓடிவந்துவிட்டான்.

திருச்சானூருக்கு அப்பால் அவன் வாங்கிப்போட்ட முப்பது அங்கண மனை அது, ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஸ்ரீசிட்டி கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசு. பத்திரம் கைக்கு வந்ததும் செலவு முடிந்தது என்று நினைத்தான், பாவம். மண் அடிக்கணும், வரி கட்டணும், வேலி போடணும் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பியது. வேலிக்கு மட்டும் எண்பதாயிரம் என்றதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

“சுத்தி இருக்கற மனைங்க கல்லெல்லாம் புடுங்கிப் போட்டு வளைச்சிக்கினாங்கோ அண்ணா. உன்னுது ஒண்ணுல மட்டும் ஒரு கல்லுகூட அசையல” என்றார் புரோக்கர் ரங்கையா, ரோட்டிலேயே நின்றுகொண்டு. மனைக்குள் கால் வைக்க அவருக்கும் தைரியமில்லை.

“அப்போ எவனோ என்னை மட்டும் குறி வெச்சிக்கினு கீறானா?”

ரங்கையா பைக்கைக் கிளப்பினார்.

மூன்று மாதமாக இதே கதைதான். போன மாதம் ஜெகநாதன் பைக்கிலிருந்து விழுந்தான். இப்போது மகள் கௌசிகாவுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கிறது. அடுத்தது என்ன என்று நினைக்கவே பயந்தான்.

வீட்டில் மூச்சு விடவில்லை. மனைவி அலர்மேல்மங்கை ஏற்கெனவே மகளின் காய்ச்சலில் பாதியாகிப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் திருச்சானூர் தாயார் கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்து, வாசற்படியில் உட்கார்ந்து புடவைக் கரையில் ஒட்டிய நாயுருவியைப் பிடுங்கிப்போடுவாள். அவளிடம் போய்ச் செய்வினை என்று சொன்னால் தாங்குவாளா?

மறுநாள் காலையிலேயே ரங்கையாவுக்குப் போன் போட்டான்.

“இன்னா வெல வந்தாலும் சரி, அத வித்துக் குடுத்துடு.”

“அங்க வந்து பாத்தா எவனும் வாங்கமாட்டான் அண்ணா. பெங்களூர் ஆளு ஒருத்தரு எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லன்றாரு. ஆனா பாதி வெலதான் தருவாராம்.”

“சரின்னு சொல்லு. எம் பொண்ணு பொழைச்சா போதும்.”

அடுத்த வாரமே ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், கௌசிகா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜெகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதத்தில் அன்றுதான் அவனுக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

“மங்கா, உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். நம்ம மனைய வித்துட்டேன்.”

“இன்னாங்க சொல்றீங்க?”

“பாதி வெலதான். போனா போவுது. எவனோ அதுல வாராவாரம் செய்வினை வெச்சிக்கினு இருந்தான். எலுமிச்சம்பழம், ஊசி, பொம்மைன்னு... நீ பயந்துக்கப்போறன்னுதான் சொல்லல.”

அலர்மேல்மங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க பயந்துக்குவீங்கன்னுதாங்க நானும் சொல்லல.”

“நீ இன்னாத்த சொல்லல?”

“வேலி போடக் காசு இல்லியே, எவனும் உள்ள வரக்கூடாதுன்னு அத வெச்சதே நான்தாங்க.”