பாஸ்வேர்டு கேட்காத டெர்மினல்

"எங்க அத்தா டெர்மினல் மட்டும் பாஸ்வேர்டே கேக்கலண்ணே. யாரு சுவிட்சைப் போட்டாலும் அவுக பேர்ல திறந்துக்கிருது. என்ன கூத்து இது?"

சுஹைல் படபடத்தான். துபாயிலிருந்து வந்து கடைப் பொறுப்பை ஏற்று மூன்று வாரம்தான் ஆகிறது.

ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குக் கலர்ப்பொடி விற்கும் காரைக்குடி மொத்தக் கடை அது. பின்னறையில் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதிலிருந்து கேபிள் இழுத்து, மேஜைக்கு ஒரு டெர்மினல்: ஒரு திரை, ஒரு கீபோர்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால் மாட்டிக் கொடுத்த முத்தரசுதான் இன்றும் வந்திருந்தார்.

"இது வந்து இறங்குன அன்னிக்கு உங்க அத்தா தெருவுக்கே சர்பத் குடுத்தாக தம்பி. நெனச்சா இப்பவும் சந்தோசமா இருக்கு" என்றபடி திரையின் தூசியைத் துடைத்தார். "டெர்மினலை அணைச்சா, லைன் போயிருச்சுன்னு மிஷினுக்குச் சேதி போகணும். உடனே அது லாக்-அவுட் பண்ணிரும். இங்க சேதியே போகல, அதான் அவுக பேர்லயே திறந்து கெடக்கு."

கேபிள் முனையைத் திருகித் திறந்தார்.

"அட, சேதி சொல்ற ஒயரை வெட்டி, பக்கத்து ஒயரோட முறுக்கி வச்சிருக்கு. எலி வேலை இல்ல தம்பி, ஆள் வேலை."

பக்கத்து மேஜை ஈஸ்வரி எழுந்து நின்றாள். கடையில் இருபது வருஷமாக இருப்பவள்.

"நான்தான் தம்பி செஞ்சேன். முத்தரசண்ணன் செய்யிறதைப் பாத்துப் பழகுனது."

"எதுக்கு?"

ஈஸ்வரி முதலாளியின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தா பேர்ல உள்ள போயி சரக்கு இருப்பையே மாத்தலாம். தெரிஞ்சேதான செஞ்சீக? நாளையிலேருந்து வர வேணாம்க்கா."

நியாயம்தானே என்றுதான் கடையில் எல்லோருக்கும் பட்டது. ஈஸ்வரி பையை எடுத்துக்கொண்டாள். ஆனால் போகாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முத்தரசு ஒயரைச் சரிசெய்தார். திரை ஒழுங்காகப் பாஸ்வேர்டு கேட்டது.

பத்து மணிக்கு அத்தா மீரான் சாகிபு வந்தார். மூடை தூக்குகிறவர்கள் உட்பட எல்லோரும் எழுந்தார்கள். உட்கார்ந்து தன் பேரைத் தட்டினார். அடுத்த வரியில் விரல் நின்றது. ஓர் எழுத்தைத் தட்டி அழித்தார். இன்னொன்றைத் தட்டி அழித்தார். மொத்தக் கடையும் பார்த்துக்கொண்டிருந்தது.

சுஹைல் குனிந்து மெதுவாகக் கேட்டான். "அம்மா பேருதானத்தா?"

"தெரியும்டா. உங்கம்மா பேரு..." மகனை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் பயம் இருந்தது. "அவ பேரு..."

ஈஸ்வரி குறுக்கே வந்தாள். "மிஷின் கோளாறு முதலாளி. காலையிலேருந்து யாரையுமே உள்ள விடல. நீங்க டீ குடிச்சிட்டு வாங்க."

"அதான பாத்தேன்." மீரான் சாகிபு சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

சுஹைல் ஈஸ்வரியின் பக்கம் வந்தான். "எத்தனை நாளாக்கா?"

"ரெண்டு வருஷமா. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு முதலாளிதான் சொன்னாக. ஆளுக முன்னாடி அவுக தலை குனிஞ்சிரக் கூடாதுல்ல தம்பி."

அவள் கையிலிருந்த பையை வாங்கி மேஜையில் வைத்தான். 'சைதுன்' என்று அம்மா பேரைத் தானே தட்டி அத்தாவின் பக்கத்தைத் திறந்தான். அப்புறம் முத்தரசுவிடம் திரும்பினான்.

"அண்ணே, பழையபடி கோளாறாக்கிருங்க."